மாலையில் திணறும் செயலி

காலையில் தொட்டவுடன் திறந்த செயலி மாலை ஐந்து மணிக்கு விரலுக்குப் பதில் சொல்லவே யோசிக்கிறது. கைப்பேசி அதேதான், செயலியும் அதேதான். நடுவில் யாரும் புதிதாக எதையும் ஏற்றவில்லை. செயலியை அடியோடு மூடிவிட்டு மறுபடி திறந்தால் காலையில் இருந்த வேகம் திரும்பிவிடுகிறது. இந்த அனுபவம் இல்லாத கைப்பேசிக்காரர் அநேகமாக இருக்கமாட்டார். கேட்டால் ‘போன் பழசாகிவிட்டது’ என்பார்கள், அல்லது ‘ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது’ என்பார்கள். இரண்டும் பொருந்தவில்லை. மூடித் திறந்ததால் பழைய போன் புதுசாகிவிடாது. சேர்த்துவைத்த படங்களில் ஒன்றுகூட அழிந்துவிடாது. அப்படியானால், செயலி ஓடும்வரை சேர்ந்துகொண்டே போய், அது நின்றவுடன் மொத்தமாக மறைந்துவிடும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன, யார் சேர்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய படங்களும் நீண்ட வீடியோக்களும்தான் நினைவகத்தைத் தின்கின்றன என்று எண்ணத் தோன்றும். அவை பெரும்பாலும் வந்த வேகத்திலேயே போய்விடுகின்றன. நாள் முழுக்கச் சேருவது வேறு வகை: முடிவே இல்லாமல் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வேலைகளும், காத்திருக்கும்போது அவை விடாமல் பிடித்துவைத்திருக்கும் பொருட்களும். மாலைத் திணறலுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் நிரல் எழுதுகிறவரின் கண்ணுக்கு மிக எளிதாகத் தப்புவது இதுதான் என்பது என் கருத்து.

24 தறிகள், ஒரு கைப்பேசி

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் பல்லடத்தைச் சுற்றி விசைத்தறிகள் நிறைய. பழைய நாடா தறிகளோடு இப்போது ஏர்ஜெட் தறிகளும் ஓடுகின்றன. ஏர்ஜெட்டில் ஊடை நூலைக் காற்றே எடுத்துச் செல்கிறது. நிமிடத்துக்கு 600 முறைக்கு மேல் ஊடை பாயும்; ஒரு பாய்ச்சல் ஒரு பிக். பாவு அறுந்தாலும் ஊடை அறுந்தாலும் உணரியே கண்டுபிடித்துத் தறியை நிறுத்திவிடும். இந்தத் தகவல் எல்லாம் தறியின் கணினிப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சூப்பர்வைசரின் கைப்பேசிக்குக் கொண்டுவருவது இன்று கடினமான வேலை இல்லை.

ஒரு தறிக்குடோனைக் கற்பனை செய்துகொள்வோம். 24 ஏர்ஜெட் தறிகள். ஒவ்வொன்றும் 5 விநாடிக்கு ஒரு முறை ‘ஓடுகிறேன், இத்தனை பிக் ஆயிற்று’ என்றோ ‘நின்றுவிட்டேன், பாவு அறுந்தது’ என்றோ ஒரு வரிச் செய்தி அனுப்புகிறது. செயலியின் முதல் பக்கத்தில் 24 தறிகளின் பட்டியல். ஒரு தறியைத் தொட்டால் அதற்கான தனிப் பக்கம் திறக்கும். அதில் அந்தத் தறியின் ஓட்டம் வரைபடமாக நகரும். சூப்பர்வைசர் பார்ப்பார், காரணத்தைத் தெரிந்துகொள்வார், பின்னுக்குப் போவார், அடுத்த தறியைத் திறப்பார். மணிக்கு 30 முறை இப்படி நடக்கிறது என்றும், ஒரு தனிப் பக்கத்துக்கு 2 எம்பி நினைவகம் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கணக்கின் போக்குதான் முக்கியம். தறிக்குப் பதிலாக இதே ஊர்ப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையின் வெப்பமானியை வைத்தாலும் போக்கு மாறாது.

பக்கத்தை மூடும்போது அதன் 2 எம்பியும் திரும்பிவிட்டால், 12 மணி நேர ஷிப்ட் முடியும்போதும் செயலி காலையில் இருந்த எடையிலேயே இருக்கும். திரும்பாவிட்டால், ஒரு மணி நேரத்தில் 30 பக்கங்கள், 60 எம்பி. ஆறாவது மணியில் 360 எம்பி. ஷிப்ட் முடிவில் 720 எம்பி. இதைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. மூடியும் விடுபடாத பக்கம் சும்மா கிடப்பதில்லை. 5 விநாடிக்கு ஒரு முறை தன் தறியின் செய்தியை வாங்கி, யாரும் பார்க்காத வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஷிப்ட் முடிவில் 360 பக்கங்கள் இருந்தால் விநாடிக்கு 72 திருத்தங்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு வரைபடம். கைப்பேசி 360 வரைபடங்களுக்கு உழைக்கிறது. விரல் தொட்டதற்குப் பதில் தாமதமாவதும், பேட்டரி மதியத்துக்குள் இறங்குவதும், கை சுடுவதும் இதனால்தான்.

காத்திருக்கத் தெரிந்த நிரல்

மூடிய பக்கம் ஏன் விடுபடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கைப்பேசி எப்படிக் காத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். திரையை வரைவதும் விரல் தொடுகையைக் கவனிப்பதும் செயலிக்குள் ஒரே ஒரு வரிசையில் நடக்கும் வேலைகள். அந்த வரிசையில் நின்றுகொண்டு ‘தறியின் செய்தி வரட்டும்’ என்று ஒரு நிரல் 5 விநாடி காத்திருந்தால், அந்த 5 விநாடியும் திரை உறைந்துபோகும். அதனால் இன்றைய மொழிகள் ஒரு வசதியைத் தருகின்றன. காத்திருக்கவேண்டிய இடம் வந்ததும் நிரல் வரிசையைவிட்டு விலகி நிற்கும். செய்தி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை விலகிக் காத்தல் என்று அழைக்கலாம். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் இந்த வசதி 2018இல் நிலைபெற்றது. ஐபோனுக்கான ஸ்விஃப்ட் மொழியில் 2021இல் வந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமானால், விட்டபோது கையில் என்னவெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் எங்காவது பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அதுவும் நினைவகத்தில்தான். அதாவது, விலகிக் காக்கும் நிரல் நேரத்தைச் செலவழிப்பதில்லை, இடத்தைச் செலவழிக்கிறது. அரை விநாடியில் முடியும் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இணையத்தில் ஒரு படத்தைக் கேட்டோம், வந்தது, காட்டினோம், கையில் இருந்தது எல்லாம் விடுபட்டது. தறிச் செய்தியைக் கேட்கும் நிரல் அப்படிப்பட்டதில்லை. அது ஒரு சுற்று: அடுத்த செய்திக்குக் காத்திரு, வரைபடத்தைத் திருத்து, மறுபடி காத்திரு. தறி ஓடும்வரை செய்தி வரும். செய்தி வரும்வரை சுற்று முடியாது. கையில் பிடித்ததைக் கீழே வைக்க அதற்குச் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

பிடியும் எண்ணிக்கையும்

பயன்முடிந்த நினைவகத்தைத் திரும்பப் பெறும் பிரச்சினை கணினி மொழிகளின் குழந்தைப் பருவத்திலேயே எழுந்துவிட்டது. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி 1960இல் ஒரு வழி சொன்னார்: நினைவகம் தீரும்போது நிரலை நிறுத்திவை, பயன்பாட்டில் இருப்பதிலிருந்து தொடங்கி எதையெல்லாம் எட்ட முடிகிறதோ அதையெல்லாம் குறித்துக்கொள், எட்ட முடியாததைத் திரட்டி எடுத்துக்கொள். இதைக் குப்பை திரட்டல் என்கிறோம். ஆண்ட்ராய்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் இன்னொரு வழி சொன்னார்: ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வா, எண்ணிக்கை சுழியானதும் அந்தக் கணமே இடத்தை விடுவித்துவிடு. 2011இல் ஆப்பிள் தன் நிரலாளர்களுக்குத் தானியங்கியாகச் செய்து கொடுத்தது இந்த இரண்டாவது வழியைத்தான்; ஸ்விஃப்டும் அதில்தான் நிற்கிறது.

பிடி எண்ணிக்கையைப் பல சாவிகள் உள்ள ஒரு குடோனைப் போல நினைத்துக்கொள்ளலாம். சாவி வாங்கியவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் குடோன் காலி என்று அடுத்தவருக்குத் தரமுடியும். ஒரே ஒருவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துபோனாலும் குடோன் பூட்டியே கிடக்கும். சாவியோடு இருப்பது வலுப்பிடி. சாவி இல்லாமல் குடோனின் முகவரியை மட்டும் எழுதிவைத்திருப்பது மென்பிடி; போய்ப் பார்த்தால் குடோன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மென்பிடிகள் எண்ணிக்கையில் சேர்வதில்லை.

எண்ணும் முறையின் பலவீனத்தை 1963லேயே ஹாரால்டு மெக்பெத் சுட்டிக்காட்டினார்: ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பொருட்களின் எண்ணிக்கை ஒருபோதும் சுழிக்கு வராது, வெளியே வேறு யாருக்கும் அவை தேவைப்படாவிட்டாலும். இப்படி விடுபடாமல் சேரும் நினைவகத்தைக் கசிவு என்பார்கள். குப்பை திரட்டிக்கு இந்தக் குறை கிடையாது. வெளியிலிருந்து எட்ட முடியாத ஜோடியை அது திரட்டிவிடும். இதை வைத்துத்தான், ‘கசிவெல்லாம் ஐபோன்காரர்கள் பிரச்சினை, ஆண்ட்ராய்டில் திரட்டி பார்த்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. நம் தறிப் பக்கத்துக்கு அந்த நம்பிக்கை உதவாது. அங்கே நடப்பது செத்துப்போன இரண்டு பொருட்களின் கட்டிப்பிடிப்பு இல்லை. சுற்று உயிரோடு இருக்கிறது. செய்தி வரும் இணைப்பு அதைப் பிடித்திருக்கிறது. சுற்று பக்கத்தைப் பிடித்திருக்கிறது. திரட்டியின் கண்ணில் எல்லாமே எட்டக்கூடியவை, ஆகவே எல்லாமே தேவையானவை. அந்தப் பக்கத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்பது நிரலாளருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரிய வழி இல்லை.

மென்பிடி எங்கே தோற்கிறது

அனுபவமுள்ள நிரலாளர் உடனே சொல்லும் மருந்து மென்பிடி. சுற்று பக்கத்தை மென்பிடியாகப் பிடித்தால் பக்கம் மூடியதும் விடுபட்டுவிடும். சரிதான். ஆனால் மென்பிடியை வைத்து நேரடியாக வேலை செய்வது சிரமம்; ஒவ்வொரு முறையும் ‘இருக்கிறதா’ என்று கேட்கவேண்டும். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. முதல் வரியிலேயே ‘பக்கம் இருக்கிறதா பார், இருந்தால் வலுவாகப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் திரும்பிவிடு’ என்று எழுதிவிட்டு, மீதி வரிகளைக் கவலையில்லாமல் எழுதுவார்கள். ஒரு தடவை ஓடி முடியும் நிரலுக்கு இது மிக நல்ல வழக்கம். முடிந்ததும் அந்த வலுப்பிடி தானாக விடுபடும்.

அதே வரியை முடிவிலாச் சுற்றுக்கு மேலே வைத்துப் பாருங்கள். பக்கம் இருக்கிறதா? இருக்கிறது, இப்போதுதானே திறந்தார்கள். வலுவாகப் பிடித்தாயிற்று. அடுத்து சுற்று தொடங்குகிறது. அது முடியும்வரை அந்தப் பிடி விடுபடாது. அது முடிவதே இல்லை. மேலே மென்பிடி என்று எழுதியது வெறும் அலங்காரமாகிவிட்டது. நிரலைச் சரிபார்க்கும் சக நிரலாளரின் கண் அந்தச் சொல்லைப் பார்த்து ஆறுதலடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இந்த ஆறுதல்தான் ஆபத்து. ஸ்விஃப்டின் தொகுப்பியும் இங்கே கைகொடுப்பதில்லை. வேறு இடங்களில் ‘இந்தப் பொருளைப் பிடிக்கிறாய், தெரிந்துதான் செய்கிறாயா’ என்று வெளிப்படையாக எழுதச் சொல்லும் அது, தனியாக ஓடவிடும் பணிகளில் அதை வற்புறுத்துவதில்லை. அப்படி வடிவமைத்தவர்களுக்கு நியாயம் இருந்தது: பணி உடனே தொடங்கும், வேலையை முடிக்கும், முடிந்ததும் பிடி விடுபடும். பணி முடியும் என்ற அனுமானம் அதற்குள்ளே இருக்கிறது. தறியைக் கேட்கும் சுற்று உடைப்பது அந்த அனுமானத்தைத்தான்.

திருத்தம் ஒரு வரியை இடம் மாற்றுவதுதான். ‘இருக்கிறதா பார், பிடித்துக்கொள்’ என்பதைச் சுற்றுக்கு உள்ளே, செய்தி வந்த பிறகு வைக்கவேண்டும். அப்போது நடப்பது இது: செய்தி வருகிறது, சுற்று பக்கத்தைத் தேடிப் பிடிக்கிறது, சில மில்லி விநாடிகளில் வரைபடத்தைத் திருத்துகிறது, பிடியை விட்டுவிட்டு வெறுங்கையோடு அடுத்த செய்திக்குக் காத்திருக்கிறது. சூப்பர்வைசர் பக்கத்தை மூடினால் அது அப்போதே விடுபடும். அதிகபட்சம் 5 விநாடியில் அடுத்த செய்தி வரும். பக்கம் இல்லை என்று கண்டு சுற்று தானே நின்றுவிடும். ஷிப்ட் முடிவில் 360 பக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும்.

ஆனால் அந்த ‘அடுத்த செய்தி வரும்’ என்பதும் ஓர் அனுமானமே. தறியின் கணினிப் பெட்டிக்கு வரும் கரண்ட் போய்விட்டால்? அடுத்த செய்தி வராது. பக்கம் விடுபட்டிருக்கும், சுற்றோ வராத செய்திக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், தன் இணைப்பையும் திறந்து வைத்துக்கொண்டு. 2 எம்பி இல்லை, சில கேபிதான். இருந்தாலும் அது முடிவில்லாத காத்திருப்பு. சிறியது என்று இதை ஒதுக்க முடியாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

வர்ஜீனியாவில் ஒரு திங்கட்கிழமை

2012 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் அமேசானின் மேகக் கணினி நிலையம் தடுமாறியது. ரெடிட், ஃபோர்ஸ்கொயர், பின்ட்ரெஸ்ட் போன்ற தளங்கள் முடங்கின. பின்னர் அமேசானே வெளியிட்ட விளக்கத்தின்படி, தொடக்கம் மிகச் சாதாரணமானது. சேமிப்புக் கணினிகளின் நலத்தகவலைத் திரட்டும் ஒரு கணினி பழுதாகி, அதற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டது. புதிய முகவரி எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரவில்லை. சேராத இடங்களில் தகவல் அனுப்பும் சின்ன நிரல், இல்லாத கணினியைத் தொடர்புகொள்ள மீண்டும் மீண்டும் முயன்றது. ஒவ்வொரு முயற்சியும் கொஞ்சம் நினைவகத்தை எடுத்தது, திருப்பித் தரவில்லை. நலத்தகவல் கொஞ்சம் விடுபட்டாலும் பரவாயில்லை என்றே அமைப்பு வடிவமைக்கப்பட்டிருந்ததால் எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. அந்தக் கணினிகள் வழக்கமாகவே நினைவகத்தை முழுதாகப் பயன்படுத்துபவை. அதனால் மெதுவான ஏற்றம் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில், வாடிக்கையாளர்களின் தரவைக் கையாள வேண்டிய நினைவகமே இல்லாமல் போய், ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிகள் திணறின.

தறிக்குடோனுக்கும் அந்த நிலையத்துக்கும் அளவில் ஒப்பே இல்லை. நடந்தது ஒன்றே. முக்கியமான வேலை எதையும் செய்யாத, யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சுற்று, மறுமுனை செத்துப்போன பின்னும் காத்திருந்தது. நிரல் எழுதும்போது நாம் சோதிப்பதெல்லாம் மறுமுனை உயிரோடு இருக்கும் நாட்களைத்தான்.

‘இதற்குப் போய் இவ்வளவா?’

இப்போதைய போன்களில் 8 ஜிபி ராம் இருக்கிறதே, 720 எம்பி ஒரு கணக்கா என்று கேட்கலாம். ராம் முழுவதும் ஒரு செயலிக்குச் சொந்தமில்லை. ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வரம்பு வைத்து, மீறினால் செயலியையே கொன்றுவிடுகின்றன. அதைவிட முக்கியம், நேரத்தோடு ஏறும் எதற்கும் பெரிய கொள்கலன் தருவது தவணைதான். மூன்று மணிக்கு வரவேண்டியது ஆறு மணிக்கு வரும். விநாடிக்கு 72 வீண் திருத்தங்களைக் கூடுதல் ராம் ஒன்றுகூடக் குறைக்காது.

‘ஷிப்ட் மாறும்போது செயலியை மூடித் திறக்கச் சொன்னால் தீர்ந்தது’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை எள்ளி நகையாட முடியாது. 2015இல் அமெரிக்க விமானத் துறை, போயிங் 787 விமானங்களின் மின் அமைப்பை முறையாக அணைத்துப் போடும்படி ஆணையிட்டது; 248 நாட்கள் தொடர்ந்து ஓடினால் உள்ளே ஓர் எண்ணி நிரம்பி வழிந்துவிடும் நிலை இருந்தது. அங்கே எல்லை திட்டவட்டமாகத் தெரிந்தது, செய்யவேண்டியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். 1991 பிப்ரவரியில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நிலைமை வேறு. பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் நேரக்கணக்கில் ஒரு நுண்ணிய பிழை, ஓடும் நேரத்தோடு வளர்ந்துகொண்டிருந்தது. ‘மிக நீண்ட நேரம்’ ஓடவிட்டால் சிக்கல் வரும் என்று 21ஆம் தேதியே படைகளுக்குத் தகவல் போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. 25ஆம் தேதி, சுமார் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடிய அமைப்பு வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அணைத்துப் போட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்காது. திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது. அது நினைவகக் கசிவு இல்லைதான். ஆனால் ஓட ஓடச் சேரும் பிழையை மனிதரின் ஞாபகத்தில் கட்டிப்போடுவது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு இதைவிடத் துயரமான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. தறிச் செயலியில் உயிர்ப்பலி இல்லை. ஆனாலும் அறுந்த பாவைப் பிணைக்க ஓடும் ஒருவரிடம் நிரலாளரின் கடமையை ஒப்படைப்பது நியாயம் ஆகாது.

இன்னொரு முனையிலிருந்து வரும் கேள்வி: எல்லா இடத்திலும் மென்பிடியே போட்டுவிட்டால் என்ன? அதுவும் கூடாது. ஷிப்ட் முடிவில் அன்றைய உற்பத்திக் கணக்கைச் சேமிக்கும் பணி நடந்துகொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தை மூடுகிறார் என்று வையுங்கள். மென்பிடியாக இருந்தால் கணக்கு பாதியில் காணாமல் போகும். கூலி அந்தக் கணக்கின்படிதான். அங்கே வலுப்பிடிதான் சரி. முடியக்கூடிய, முடியவேண்டிய வேலை தன் பொருளைக் கடைசிவரை பிடித்திருக்கலாம். முடிவில்லாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது.

சுற்றுக்கு யார் பொறுப்பு

வரியை இடம் மாற்றுவது பாதித் தீர்வு என்று பார்த்தோம். மீதிப் பாதி, சுற்றை நிறுத்தும் பொறுப்பை யாரிடமாவது கொடுப்பது. 2018இல் நத்தானியேல் ஸ்மித் என்ற நிரலாளர் இதை ஒரு கொள்கையாகவே வாதிட்டார்: பின்னணியில் ஓடவிடும் எந்தப் பணிக்கும் அதைவிட நீண்ட ஆயுளுள்ள ஓர் எல்லை இருக்கவேண்டும், எல்லை மூடும்போது உள்ளே எதுவும் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. கோட்லினும் அதே ஆண்டில் இந்த வழிக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு பக்கத்தின் எல்லைக்குள் தொடங்கும் பணிகள் பக்கம் அழியும்போது நிறுத்தப்படும். ஐபோனில் 2021 முதல், திரையோடு கட்டிய பணி திரை மறையும்போது நிறுத்தக் கோரிக்கை பெறுகிறது.

கோரிக்கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மொழிகள் ஒரு பணியின் கழுத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. பாதி எழுதிய கோப்போடு நின்றுவிடுமே என்ற அச்சம். ‘நில்’ என்று கொடி காட்டும்; பணி அந்தக் கொடியைப் பார்த்து ஒதுங்கவேண்டும். மொழியோடு வரும் காத்திருப்பு வசதிகள் கொடியைப் பார்க்கும். நாமே எழுதிய சுற்று, பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு ‘மறுபடி முயல்’ என்று திரும்பினால், கொடியையும் சேர்த்து விழுங்கிவிடும். வர்ஜீனியாவின் சின்ன நிரலும் மறுபடி முயன்றுகொண்டிருந்ததுதான்.

சோதிப்பது கடினமில்லை. ஒரே தறியின் பக்கத்தைப் பத்து முறை திறந்து மூடி, அத்தகைய பக்கங்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கருவியில் பார்த்தால் போதும். சுழி வரவேண்டும், பத்து வந்தால் கசிவு. ஆண்ட்ராய்டுக்கு 2015இல் வெளியான லீக்கனேரி இதைத் தானாகவே செய்து, பிடித்திருப்பது யார் என்ற சங்கிலியையும் காட்டும். அதோடு, பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டும் ஒரு முறை சோதிக்கவேண்டும்.

எல்லாச் சுற்றையும் பக்கத்தோடு கட்டிவிட முடியாது. தறி நின்றால் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் மணியடிக்கவேண்டும் என்று குடோன் முதலாளி கேட்பார்; அது நியாயமான கோரிக்கை. அந்தச் சுற்றின் எல்லை ஷிப்ட்: சூப்பர்வைசர் உள்நுழையும்போது தொடங்கி, வெளியேறும்போது நிற்கவேண்டும். 24 தறிகளுக்கும் அது ஒன்றே போதும். தனிப் பக்கங்கள் தாங்களே தறியைக் கேட்காமல் அதனிடம் வாங்கிக்கொள்ளலாம். திரை அணைந்த பிறகும் அது ஓடவேண்டுமானால் ஆண்ட்ராய்டு ஒரு நிபந்தனை போடுகிறது: செயலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பயனருக்கு ஓர் அறிவிப்பு காட்டவேண்டும்.